கால் படாத இடம்

ஆவணி 5, வியாழன்

முருகா, உன் பேரைச் சொல்லித் தொடங்குகிறேன். நேற்று மத்தியானம் மூன்றே காலுக்கு என் தம்பி மகள் கீர்த்தனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. தலை நிறைய முடி. தாயும் பிள்ளையும் சுகம். இந்த டைரியே கீர்த்தனா கொடுத்ததுதான். "அத்தை, நீங்க பேசறதக் கேக்க இந்த வீட்ல ஆள் பத்தல, மிச்சத்த இதுல பேசுங்க" என்று சிரித்தாள். எட்டாவதோடு நின்ற என் எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள்? அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நல்லதை எழுதிவிட்டேன். இனி மற்றது.

பன்னிரண்டு மணிக்கு வலி எடுத்தது. டிரைவர் மாசிலாமணி வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். பின் சீட்டில் நடுவில் கீர்த்தனா, ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் அவள் அம்மா விசாலம். முன்னால் என் தம்பி சென்னிமலை. உடுமலை ஆஸ்பத்திரிக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர். நான் சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் மாசிலாமணி வேகத்தைக் குறைத்தான்.

"அண்ணா, சூடு முள்ளு மேல போயிருச்சுங். நிறுத்தி ஆற வெக்கோணும். ஓட்டுனா இஞ்சின் போயிருமுங்."

"போனாப் போகுது, ஓட்றா! புள்ள வலியில துடிக்கறா, ஆற வெக்கறானாமா!"

மூன்று கிலோமீட்டர் அப்படியே ஓட்டினான். பானட்டில் இருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. வண்டி இருமிக்கொண்டே போய், ஒரு கரும்புச்சாறுக் கடை முன்னால் தானாக நின்றுவிட்டது. அத்தனை வெயில். பின்னால் தக்காளி ஏற்றி வந்த டெம்போவை மாசிலாமணி நடு ரோட்டில் கைகளை விரித்து மறித்தான். கீர்த்தனாவையும் விசாலத்தையும் டெம்போவின் முன் சீட்டில் ஏற்றினோம். நானும் தம்பியும் பின்னால் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே. என் பொன்வண்டு நிறச் சேலை முழுக்கத் தக்காளிச் சாறு. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த நர்ஸ், "இந்தம்மாவுக்குத்தான் அடியா?" என்று கேட்டாள். இன்றைக்கு எழுதும்போது சிரிப்பு வருகிறது. நேற்று வரவில்லை.

குழந்தை பிறந்து ஒரு மணி நேரம் கழித்து மாசிலாமணி வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். தம்பி அவனைப் பார்த்ததும் கத்தினான்.

"என்ற புள்ளையக் கொண்டுபோயி நடு ரோட்ல நிறுத்தீட்டயேடா! கேளு. இப்ராகிம் பாய் வந்து வண்டியப் பாக்கட்டும். வண்டிக்கு வயசாயிப் போச்சுன்னு அவர் சொன்னா நீ இரு. உன்ற தப்புன்னு சொன்னா அன்னைக்கோட வராத. அதுவரைக்கும் சாவியத் தொடாத."

பதினேழு வருஷமாக எங்கள் வண்டியை ஓட்டுகிறவன். "சரீங்ணா" என்றான். அப்புறம் என்னைப் பார்த்தான். ஏன் என்னைப் பார்த்தான் என்று தெரியவில்லை.


ஆவணி 6, வெள்ளி

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து கார் ஷெட்டில் விட்டிருக்கிறார்கள். விளக்கு வைத்தேன். அந்தப் பக்கம் போகவில்லை.


ஆவணி 8, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

தம்பியும் விசாலமும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். பத்து மணிக்கு மெக்கானிக் இப்ராகிம் பாய் மொபெட்டில் வந்தார். உதவிக்குப் பையன் இல்லை. கூடவே மாசிலாமணியும் வந்து கேட்டோரமாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பாய் பானட்டைத் திறந்து, நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாகத் துணியில் வைத்தார். பையில் இருந்து ரப்பர்க் குழாய் மாட்டிய ஒரு வட்டக் கடிகாரத்தை எடுத்தார். டாக்டர் ரத்த அழுத்தம் பார்ப்பாரே, அதே மாதிரி.

"மாசிலாமணி, ஸ்டார்ட்டர் அடி" என்றார்.

"என்னையச் சாவி தொட வேண்டாம்னு சொல்லியிருக்குதுங் பாய்."

பாய் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப நீங்க ஏறுங்கம்மா."

"நானா? எனக்கு மாட்டு வண்டியே பத்தத் தெரியாதுங் பாய்."

"வண்டி எங்கயும் போகாதும்மா. வலது கால்ல அந்தப் பெடல அடி வரைக்கும் அமுக்கிக்கோங்க. நான் 'ம்' சொன்னா சாவியத் திருப்புங்க. 'போதும்'னா விட்ருங்க."

ஐம்பத்தேழு வயசில் முதல் தடவையாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். பாய் ஒரு ஓட்டையில் குழாயைத் திருகி "ம்" என்றார். திருப்பினேன். வண்டி குதிரை கனைப்பது போல ஐந்தாறு தடவை கனைத்தது.

"போதும். நூத்தியம்பது." சாக்கட்டியால் ஷெட் தரையில் எழுதினார். அடுத்தது அறுபது. அதற்கடுத்தது ஐம்பத்தைந்து. கடைசியில் நூற்றுநாற்பத்தைந்து.

"என்னங் பாய் அர்த்தம்?"

"நாலு சிலிண்டரும்மா. ஒவ்வொண்ணும் உள்ள வர்ற காத்த எவ்வளவு இறுக்கி அமுக்குதுன்னு இது காட்டுது. ஓரத்து ரெண்டும் நல்லாருக்கு. நடுவுல ரெண்டும் அமுக்கலை. மூச்சு இல்ல." ஒரு குப்பியில் இருந்து ஸ்பூனில் இஞ்சின் ஆயிலை ஊற்றினார். "இப்ப இந்த ரெண்டுலயும் ஒவ்வொரு ஸ்பூன் எண்ணெய் விட்டுத் திரும்பப் பாப்பேன். முள்ளு ஏறுச்சுன்னா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். எண்ணெய் அந்தச் சந்த அடைக்கும், அதனால ஏறும். இருபத்தாறு வருசத்து வண்டி, தேயாதா? வயசு. யாரையும் குத்தம் சொல்ல முடியாது."

"ஏறலைன்னா?"

"சூட்டுல கேஸ்கெட் எரிஞ்சிருக்கு, இஞ்சின் மூடிக்கு அடியில காத்து கசியாம இறுக்கற தகடு. அப்ப ஏன் சூடாச்சுன்னு கேக்கோணும்."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மாசிலாமணி கேட்டை விட்டு நகர்ந்து பக்கத்தில் வந்து நின்றிருந்தான். நான் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். கந்தா, முள்ளை ஏற்று. பழனிக்கு வந்து முடி கொடுக்கிறேன். இந்த வயசில் மொட்டையோடு தெருவில் நடக்கிறேன், பரவாயில்லை. ஏற்று.

"ம்" என்றார். திருப்பினேன். பெடலை எவ்வளவு அமுக்கினேன் என்றால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

"போதும்மா. போதும், விடுங்க."

"ஏறுச்சுங்களா?"

"அறுபத்திரண்டு." அடுத்ததையும் பார்த்தார். ஐம்பத்தைந்து அப்படியே ஐம்பத்தைந்து. "ரெண்டும் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர். நடுவுல கேஸ்கெட் போயிருச்சு. ரிங் இல்ல."

பாய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்தார். விரலில் வெள்ளையாகச் சேறு. கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். மூக்குக்கிட்டக் கொண்டுபோனார்.

"சுண்ணாம்பு. போர் தண்ணி ஊத்தியிருக்காங்க. உள்ள பூராக் கல்லாட்டம் அடைச்சுப் போச்சு. தண்ணி ஓடாம எப்படி ஆறும்? என்னமோ வாசம் வேற வருது. பெட்ரோல்ல ஊறுன மூக்கு, பிடிபடலை."

எனக்குப் பிடிபட்டது. வண்டியை விட்டு இறங்கிச் செருப்பைத் தேடினேன். காலுக்குக் கீழேயே இருந்தது, தெரியவில்லை.

சாயந்திரம் தம்பி வந்தான். பாய் சொன்னதைக் கேட்டான். மாசிலாமணியைக் கூப்பிட்டான்.

"போர் தண்ணியாடா ஊத்துனே?"

மாசிலாமணி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"கேக்கறேன்ல! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"வண்டி என்ற பொறுப்புங்ணா" என்றான். அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைச் சாத்திவிட்டுப் போனான். சத்தம் வராமல் சாத்தினான்.

நான் சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைக்க வேண்டும்.


ஆவணி 9, திங்கள்

தீர்த்தத்தைப் பற்றி எழுதலாம் என்று தோன்றுகிறது.

கரட்டு முருகன் கோயிலில் செவ்வாய்க்கிழமை அபிஷேகம். பால், சந்தனம், திருநீறு எல்லாம் சாமி மேல் பட்டு வழிந்து வரும் தீர்த்தத்தைப் பூசாரி எனக்குச் செம்பு நிறையக் கொடுப்பார். கீர்த்தனா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளில் இருந்து ஒரு வாரம் விட்டதில்லை. அவளுக்கு ஒரு கரண்டி. எனக்கு ஒரு கரண்டி. விசாலம் குடிக்க மாட்டாள், "அதுல என்னென்ன கிருமி இருக்குமோ நங்கை" என்பாள். புருஷனின் அக்காளை நங்கை என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கூப்பிடுகிற முறையில் மட்டும் குறை வைக்க மாட்டாள்.

மீதித் தீர்த்தத்தைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. யார் காலும் படக் கூடாது. நான் வாழப் போன வீட்டில் தென்னை மரத்தடி இருந்தது. என் வீட்டுக்காரர் போன பிறகு ஒன்பது வருஷமாகத் தம்பி வீட்டில்தான் இருக்கிறேன். போன வருஷம் விசாலம் வாசல், கொல்லை எல்லாம் டைல்ஸ் போட்டுவிட்டாள். ஒரு பிடி மண் கிடையாது. தொட்டிச் செடிக்கு ஊற்றினேன். "சந்தனத் தண்ணிய ஊத்தி ரோசாவக் கருக்கீட்டீங்களே" என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதனால் வேறு இடம் ஒன்று பார்த்தேன். மூடி போட்ட இடம். கால் படாது. சாமிக்கும் மரியாதை, அதில் போகிறவர்களுக்கும் காப்பு. கீர்த்தனாவைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது அதுதானே.

இதற்கு மேல் இன்றைக்கு எழுத முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து குழந்தை வருகிறது. ஆரத்தி கரைக்க வேண்டும்.


ஆவணி 17, செவ்வாய்

குழந்தையை நான்தான் குளிப்பாட்டுகிறேன். காலை நீட்டி அதில் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூக்கை நீவி, சாம்பிராணி காட்டுகிறேன். விசாலத்துக்குக் குளிப்பாட்டப் பயம். "உங்க கையிலதான் அழாம இருக்கா நங்கை" என்று இன்றைக்கு அவள் வாயாலேயே சொன்னாள். எனக்குப் பிள்ளை இல்லை. ஐம்பத்தேழு வயசுக்கு என் மடியில் ஒன்று கண்ணை மூடித் தூங்குகிறது.

இதைக் கொடுத்துவிட்டு அதைச் சொல்லச் சொல்கிறாயே முருகா.

கோயிலுக்குப் போனேன். செம்பு கொண்டுபோகவில்லை. பூசாரி கேட்டார், மறந்துவிட்டேன் என்றேன்.


ஆவணி 24, செவ்வாய்

பாய் வண்டியைச் சரி பண்ணிக் கொண்டுவந்து விட்டார். தம்பி ஓட்டிப் பார்க்க எடுத்துப் போனான். நான் பாய்க்குக் காபி கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போனார். "வெச்சிருங் பாய்" என்றேன். சட்டைப் பையில் இருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார்.

"பிரிச்சுப் பாருங்கம்மா."

வாழை நார். விரல் நீளம். வெந்து பழுப்பாக இருந்தது. அதில் மூன்று முடிச்சு, பூக்கட்டுகிற முடிச்சு.

"ரேடியேட்டர் மேல்மூடி ஈயத்துல ஒட்டியிருக்கும், அத உருக்கிக் கழட்டுனேன். உள்ள இருந்துச்சு. சுண்ணாம்புன்னு நெனச்சது சுண்ணாம்பு இல்லம்மா. சுடுதண்ணியில போட்டதும் சந்தன வாசம் வந்துச்சு. போர் தண்ணியில பூ கட்டுற நார் வருமா?"

நாரைத் திரும்பக் காகிதத்தில் மடித்தேன். "தம்பிகிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏனுங் பாய்?"

"கோயில் தண்ணி வண்டியக் கெடுத்துருச்சுன்னு ஒரு பாய் சொன்னா எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க. நான் ஒண்ணு சொல்ல, ஊர் வேறொண்ணாப் பேசும். அது நான் சொல்ற சேதி இல்லம்மா." மொபெட்டில் ஏறிக்கொண்டே சொன்னார்: "மாசிலாமணி நேத்துக் கடைக்கு வந்திருந்தான். கேஸ்கெட் எப்படி இருந்துச்சுன்னு கேட்டான். ரேடியேட்டரப் பத்திக் கேக்கவே இல்ல."

எழுதிவிடுகிறேன். ரேடியேட்டரில்தான் ஊற்றினேன். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், வண்டி ஆறி நிற்கும்போது, மூடியைத் திருகி, கால் படாத இடம் என்று நினைத்து ஊற்றினேன்.

தம்பி திரும்பி வந்து, "இப்பத்தான் வண்டி வண்டியாட்டம் ஓடுது. இத்தன நாளா அவன் என்னத்தத்தான் பண்ணீட்டிருந்தானோ" என்றான். இன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பொட்டலத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.


புரட்டாசி 2, வியாழன்

தம்பிக்குப் போன் வந்தது. யாரோ பள்ளிக்கூடத்துக்காரர். மாசிலாமணி அங்கே வேன் ஓட்டக் கேட்டிருக்கிறான். ஆள் எப்படி என்று விசாரிக்கிறார். நான் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டு அதே அறையில்தான் இருந்தேன்.

"கெட்ட பழக்கம் ஒண்ணும் கிடையாதுங்க. ஆனா வண்டிக்கு நல்ல தண்ணி பாத்து ஊத்தத் தெரியாத ஆளுங்க. என்ற புள்ளையவே பிரசவத்தன்னைக்கு நடு ரோட்ல நிறுத்தீட்டான். நீங்க பள்ளிக்கூடத்துப் புள்ளைகள ஏத்தப் போறீங்க, அப்புறம் உங்க இஷ்டம்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. இந்தச் சட்டை அதுக்குப் பத்தாமப் போயிருச்சு" என்றேன்.


புரட்டாசி 15, புதன்

ஆயுத பூஜை. வண்டிக்கு மாலை போட்டேன், பொட்டு வைத்தேன், எலுமிச்சம்பழம் வைத்தேன். தீர்த்தம் தெளிக்கவில்லை. வருஷா வருஷம் மாசிலாமணி சட்டை மாற்றிக்கொண்டு வந்து முதல் பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போவான். இந்த வருஷம் கட்டிய பொட்டலத்தில் ஒன்று மிஞ்சிவிட்டது.

குழந்தைக்கு யாழினி என்று பேர் வைத்தாகிவிட்டது.


புரட்டாசி 28, செவ்வாய்

இன்றைக்குக் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மாசிலாமணி வீட்டுக்குப் போனேன். டவுன் பஸ் பிடித்து, இறங்கி, விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். இத்தனை வருஷத்தில் அவன் வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது.

அவன் பெண்டாட்டி செல்லமணி மட்டும் இருந்தாள். "வாங்க்கா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"மாசிலாமணி எங்க?"

"இங்க இல்லீங்க்கா. சத்தீஸ்கர் போயிட்டாரு. திருச்செங்கோட்டுக்காரங்க போர் போடற வண்டியில டிரைவரு. பத்து மாசம் கழிச்சுத்தான் வருவாரு. தீபாவளிக்கும் இல்ல."

"பள்ளிக்கூட வேன்…"

"அதுதான் இல்லைன்னு சொல்லிப்போட்டாங்களே. அதுக்கப்புறம் இந்தச் சுத்து வட்டாரத்துல யாருங் சாவி குடுப்பாங்க? இஞ்சின எரிச்சவன்னு பேராயிப் போச்சு." தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். "அவரு மேலயும் தப்புத்தானுங்களே. நானே ஏசீட்டேனுங்க்கா. பதினேழு வருசம் ஓட்டுன வண்டிக்கு எந்தத் தண்ணி ஊத்தறதுன்னு கூடத் தெரியாதான்னு கேட்டேன். ஒரு வார்த்தை வாயத் தொறக்கல. இல்லைன்னாவது சொல்லலாமில்லீங்? அடுத்த வாரம் பையத் தூக்கீட்டுப் போயிட்டாரு. இப்பப் போன் பண்ணுனாலும் புள்ளைககிட்டப் பேசீட்டு வெச்சிடறாரு. எங்கூடப் பேச்சு இல்லீங்."

அவளுக்குத் தெரியாது. பெண்டாட்டியிடம் கூட அவன் சொல்லவில்லை.

தண்ணீரைக் குடித்தேன். சொல்ல வாயைத் திறந்தேன். "அவன் போன் நம்பரக் குடு கண்ணு" என்றுதான் வந்தது. ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன்.

அவன் ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். இதை எழுதத்தான் இத்தனை நாளாகத் தள்ளித் தள்ளி வந்தேன்.

ஆனி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் மூடியைத் திறந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது மாசிலாமணி பின்னால் வந்துவிட்டான்.

"ஐயோ, அக்கா! வண்டி மேல தெளிங்க, உள்ள ஊத்தாதீங்க. சந்தனம் போயி அடைச்சுக்குமுங்."

"சாமி தண்ணி அடைக்குமாடா?"

"அடைக்குமுங்க்கா. அண்ணன்கிட்டச் சொல்லீர்றேன், இன்னைக்கே கழுவி விட்ருவோம்."

தம்பிக்குத் தெரிந்தால் விசாலத்துக்குத் தெரியும். அதன் பிறகு இந்த வீட்டில் செம்பு நுழையாது. ரோஜாச் செடிக்கே ஒரு வாரம் பேசாதவள். நான் செம்பில் மிச்சம் இருந்த தீர்த்தத்தை அவன் உள்ளங்கையில் ஊற்றினேன். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லிக் குடி" என்றேன். "நீங்களும் இனி ஊத்தக் கூடாதுங்க்கா" என்றான். "ஊத்த மாட்டேன்" என்றேன். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேனுங்" என்று சொல்லிக் குடித்தான். அன்றைக்கே தன் கையால் உள்ளே கழுவியும் விட்டான்.

அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். நான் அடுத்த செவ்வாய்க்கிழமையே ஊற்றினேன். அவன் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து ஊற்றினேன். அதன் பிறகு எட்டுச் செவ்வாய்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அவன் ஏன் என்னைப் பார்த்தான் என்று தெரியவில்லை என எழுதியிருக்கிறேன். பொய். தெரியும்.


புரட்டாசி 29, புதன்

நம்பரைப் போட்டேன். முதல் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.


ஐப்பசி 1, சனி

நாளை மறுநாள் தீபாவளி. காலையில் இருந்து முறுக்கு. தம்பி பிழிய, விசாலம் எடுக்க, கீர்த்தனா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ருசி பார்க்க. நான் கை கழுவிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். துவைக்கிற கல் பக்கம் நின்றால் உள்ளே பேச்சுக் கேட்காது. அவனிடம் மட்டும் மெதுவாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் என் எண்ணம். மறைப்பானேன்.

எடுத்துவிட்டான். போனுக்குள் இருந்து கடகடவென்று பூமியே அதிர்கிற மாதிரி சத்தம்.

"அலோ, யாருங்?"

"மாசிலாமணி, நான்தான். பாவாத்தாள்."

"யாருங்? கேக்கலீங்! போர் ஓடீட்டு இருக்குதுங், சத்தமாச் சொல்லுங்!"

"பாவாத்தாக்கா!"

"அக்காங்களா!" அவன் குரலில் கோபமே இல்லை. "கீர்த்தனா பாப்பா சுகங்களா? கொழந்தை சுகங்களா? என்னங் பேரு வெச்சீங்க?"

"யாழினி."

"என்னங்க்கா?"

"யாழினி! மாசிலாமணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். நீ கொஞ்சம் அந்தச் சத்தத்த விட்டுத் தள்ளி வா."

"கேக்கலீங்க்கா!"

"தள்ளி வா!"

"வர முடியாதுங்க்கா! வண்டி ஓட்டத்துல இருக்குது, விட்டு நகரக் கூடாதுங். சாயந்தரம் வரைக்கும் இப்படித்தான். நீங்க கத்திச் சொல்லுங்க, கேக்குதுங்!"

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்திருக்கலாம். கட்டைவிரல் அந்தச் சிவப்புப் பொத்தானுக்கு மேலேதான் இருந்தது. சாயந்திரம் என்றால் சாயந்திரம். அப்புறம் தீபாவளி. அப்புறம் கார்த்திகை. எனக்கு என்னைத் தெரியும்.

கத்தினேன்.

"நான்தான் மாசிலாமணி! உனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு அதுக்கப்புறமும் ஊத்துனேன்! நீ இல்லாதப்பப் பாத்து ஊத்துனேன்! எட்டு வாரம் ஊத்துனேன்! வண்டி என்னால போச்சு! உன்ற மேல ஒரு தப்பும் இல்ல! பள்ளிக்கூடத்துல இருந்து கேட்டப்பவும் நான் அங்கதான் இருந்தேன், வாயத் தொறக்கல!"

குழந்தை வீறிட்டது. திரும்பிப் பார்த்தேன். கொல்லைக் கதவில் தம்பி நின்றான், கையில் முறுக்கு அச்சோடு. மாவு நூலாக அவன் வேட்டி மேல் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் தோளுக்குப் பின்னால் விசாலம். அவளுக்குப் பின்னால் கீர்த்தனா.

"அக்கா," என்றான் தம்பி, "என்ன சொன்னே?"

"கேட்டீல்ல? அதுதான்" என்றேன். "கோயில் தீர்த்தம். ரேடியேட்டர்ல ஊத்துனது நான். அவன் வேண்டாம்னு சொன்னான். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவன் கையில தீர்த்தத்த ஊத்திச் சத்தியம் வாங்கீட்டேன்."

விசாலம் வாயைத் திறந்தாள். என்னென்னவோ சொல்லப் போகிறாள் என்று நின்றேன். அவள் திரும்பிக் கீர்த்தனாவிடம் இருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

தம்பி அங்கேயே நின்றான். "அன்னைக்கு ஆற வெக்கோணும்னு சொன்னான்" என்றான். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. "நான்தான் ஓட்டுறான்னேன்."

போன் இன்னும் காதில்தான் இருந்தது. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வைத்துவிட்டானோ என்று பார்த்தேன். இல்லை.

"அக்கா" என்றான். "அங்க பக்கத்துல யாராச்சு இருக்காங்களா?"

"எல்லாருந்தான் இருக்காங்க. எல்லாருங் கேட்டுட்டாங்க."

"அப்படீன்னா அந்தச் சத்தியம்…"

"அதெல்லாம் இல்ல சாமி. எடுத்துட்டேன்."

மெஷின் சத்தத்துக்கு நடுவே, முன்னால் கத்தின மாதிரி இல்லாமல், பள்ளிக்கூடத்தில் கைதூக்கிக் கேட்கிற மாதிரி கேட்டான்:

"அப்ப நான் எங்க வூட்டுக்காரிகிட்டச் சொல்லலாமுங்களா?"

"சொல்லு" என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை. இன்னும் கத்திச் சொன்னேன்.